ஐம்பதும் தப்பு

“மூணு வருஷமாச்சு டீச்சர்! ஒரு பாஷையைக் கத்துக்க இன்னும் எத்தனை காலம்தான் ஆகும்?”

லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். பக்கத்தில் தலை குனிந்தபடி மகள்.

“வாரத்துக்கு நாலு பீரியடு சார். ஒழுங்காப் படிச்சா மூணு வருஷம் தாராளம்.”

“கேட்டியா? நான் ரிப்பேர் பண்ற ஓட்டை லிஃப்ட்கூட இந்நேரம் மேல போய்ச் சேர்ந்திருக்கும்!”

அவர் மறுபடி டீச்சர் பக்கம் திரும்பினார்.

“இவ அம்மா அந்தப் பாஷை பேசற நாட்டுல நர்ஸா இருக்கா டீச்சர். போய் அஞ்சு வருஷம். இந்தப் பரீட்சையில பாஸானாத்தான் இவளுக்கு அங்க போக விசா. போனை எடுத்ததும் ‘ரிசல்ட் வந்துச்சா’ன்னுதான் கேக்கறா.”

அவர் குரல் இறங்கியது.

“இவளுக்குன்னு ஒரு ஸ்வெட்டர் பின்றா. ரெண்டு தடவை பிரிச்சுட்டா. ‘நான் முடிக்கறதுக்குள்ள புள்ள வளந்துடறாளே’ன்னு அழறா. இவ என்னடான்னா, முட்டை வாங்கிட்டு நிக்கறா! அம்மா மேல கொஞ்சமாவது பாசம் இருந்தா…”

“சார், ஒரு நிமிஷம்.”

டீச்சர் விடைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஐம்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை கொடுத்திருக்கும். சரியானதை டிக் பண்ணணும், அவ்வளவுதான். கண்ணை மூடிட்டு டிக் அடிச்சாலே பத்துப் பன்னிரண்டு சரியா விழுந்துடும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்? அதுகூட வரலையே!”

“ஒண்ணு விடாம ஐம்பதையும் தப்பா எழுதணும்னா, ஐம்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும் சார்.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

“வேணும்னேதான் தப்பா எழுதினியா?”

அவள் தலையாட்டினாள்.

“ஏம்மா? அம்மாகிட்ட போகணும்னு உனக்கு ஆசையே இல்லையா?”

“இருக்குப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சில நாள், அம்மா போனை வச்சப்புறமும் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன்.”

“அப்புறம் ஏன்டா கண்ணு?”

“இதே பரீட்சையில நீங்க மூணு தடவை ஃபெயிலாயிட்டீங்களேப்பா. நானும் போயிட்டா, உங்களுக்கு இங்க யாருப்பா இருக்கா?”