கையெழுத்து வாங்க வந்தவர்

"இதுக்குப் பேரு வருமானமா தம்பி? கையேந்துறதுன்னு சொல்லுங்க."

கணினித் திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலிருந்து மறுபடியும் எழுந்தார் கம்பெனி அதிகாரி. வந்ததிலிருந்து இப்படித்தான். ஜன்னல் பக்கம் போவார், திரும்பி வருவார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

திரையில் நன்கொடைப் பக்கம் திறந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மென்பொருள்காரன் தனி ஆளாக எழுதிய மெயில் மென்பொருளுக்கு வந்த நன்கொடை. அவனுடைய சர்வரில் ஓடும் அந்த மென்பொருளில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். மெயில்களைப் பிரித்து அடுக்கும், தொலைந்ததைத் தேடிக் கொடுக்கும், வேண்டுமென்றால் வாசித்தும் காட்டும். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. 'பிடித்திருந்தால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று ஓரத்தில் ஒரு வரி மட்டும். அந்த வரியை நம்பித்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாக நொண்டிக்கொண்டிருந்தது.

"கையேந்துறது இல்ல சார். பயன்படுத்துறவங்க விருப்பப்பட்டுக் கொடுக்கறாங்க. ஒரு அச்சகக்காரர், ஒரு பல் டாக்டர், வேலை தேடிக்கிட்டிருக்கற ஒரு பொண்ணுகூட..."

"வேலையில்லாத பொண்ணு கொடுத்து நீங்க சாப்பிடறீங்களா? நல்லா இருக்கே!"

அவன் முகம் சுண்டிப்போனது. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே விரைந்தாள்.

இந்தக் கம்பெனி கொடுக்கும் வேலையை ஒத்துக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், பேசாமல் இருந்தும் பார்த்திருக்கிறாள். மகள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்ட பழைய சீருடையிலேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருவழியாக நேற்று அவனே கம்பெனிக்குப் போன் போட்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டான். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அதை வாங்க வந்த மனுஷன் இப்படிப் பேசுகிறார்.

அவள் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "சார் சும்மா விளையாட்டுக்குச் சொல்றாருங்க. மனசுல வச்சுக்காதீங்க. பேப்பரைக் கொடுங்க சார், போட்டுடுவாரு."

அதிகாரி பைக்குள் துழாவினார். இருந்ததே ஒரு ஒப்பந்தம். அதை வெளியே எடுக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அவன் பேனா மூடியைத் திருகினான். முனை காகிதத்தைத் தொடப்போனது.

"இருங்க தம்பி. கடைசிப் பக்கத்தைப் படிச்சீங்களா? நீங்க சேர்ற அன்னைக்கே உங்க மென்பொருளை இழுத்து மூடிடணும். நாங்க காசுக்கு விக்கற சரக்கை நீங்க சும்மா கொடுத்துட்டு இருந்தா எங்க பிழைப்பு என்னாகறது?"

"மூடணும்னு தெரியும் சார். ஆனா அன்னைக்கேவா? எல்லாரும் மெயில் பூரா அதுலதான் வச்சிருக்காங்க. வேற இடம் பாத்து மாறிக்கக் கொஞ்சம் அவகாசம் வேணாமா?"

"ஒரு நாள்கூட கிடையாது."

"ஒரு ஆறு மாசம், சார்..." மனைவி குறுக்கே புகுந்தாள். "மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"அந்தப் பேச்சுக்கே இடமில்லம்மா."

"அப்ப அவங்க கதி?" என்றான் அவன்.

"யாரு, உங்களுக்குப் படியளந்த தர்மப்பிரபுக்களா? எக்கேடோ கெட்டுப் போகட்டும். சும்மா வந்ததுதானே, போனா யாரு அழப்போறா?"

சொல்லிவிட்டு அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

அவன் பேனாவை மூடினான். "எடுத்துட்டுப் போங்க சார்."

"ஏங்க!"

"இல்ல, விடு. மூடிடலாம்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் உக்காந்தேன். ஆனா சொல்லாம கொள்ளாம ஒரே நாள்ல அத்தனை பேரையும் நடுத்தெருவுல விட என்னால முடியாது. இத்தனை நாள் நமக்குச் சோறு போட்டவங்க."

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "உங்களை யாரு சார் அனுப்பினா? வர்றேன்னு சொன்ன மனுஷனை விரட்டி அடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறாங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டு மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினார். மேலே அவள் வெடித்து அழும் சத்தம் தெருவரைக்கும் வந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"என்னய்யா, ஆள் மடங்கினானா?"

"இல்ல சார். முடியாதுன்னுட்டாரு."

"ஆறு மாசம் என்ன, ஒரு வருஷம்கூட அவகாசம் தரலாம்னு உங்ககிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்? சொன்னீங்களா?"

"எல்லாம் சொல்லிப் பாத்தேன் சார். அசைஞ்சு கொடுக்கலை."

"வர்றேன்னு போன் போட்டவனைக்கூடக் கூட்டிட்டு வரத் துப்பில்ல. நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க. உங்ககிட்ட தனியாப் பேசணும்."

தொடர்பு அறுந்தது. உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

அவர் மனைவி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் கணினி ஏதோ ஒரு மெயிலைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தது. பார்வை போன பிறகும் அவளை வேலையில் நிறுத்தி வைத்திருந்தது அந்தக் குரல்தான்.

"அந்தத் தம்பி கையெழுத்துப் போடலை, நீ பயப்படாதே," என்றார். "இந்த மாசத்துலேர்ந்து நம்ம நன்கொடையை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு... அவர் வீட்டம்மாவை இன்னைக்கு ரொம்ப அழவச்சுட்டேன்."