மூன்று கடலை

வடிவு என்ற சுண்டெலி ஆன்லைனில் வேர்க்கடலை விற்றுவந்தாள். பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது பருந்து. பார்சலுக்கு இரண்டு கடலை கூலி. ஒருநாள் அது, "எடை கூடுதல்" என்று சொல்லி ஐந்து எடுத்துக்கொண்டது.

வடிவுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பருந்தின் பாறைக்கே போனாள். "ஐயா, நான் எடை பார்த்துத்தான் கட்டினேன். அதே அளவு பார்சல் இதோ இருக்கு. தூக்கிப் பாருங்க."

பருந்து ஒரு காலால் பார்சலைத் தூக்கியது. "ஒப்பிட்டுப் பார்க்கணுமே" என்று மறுகாலால் அவளையும் தூக்கியது. வயிற்றில் நகம் அழுந்த, வடிவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

பிறகு மெல்ல இறக்கிவிட்டது. "தப்பு என்னோடதுதான். இந்தா, மூணு கடலை."

வடிவு வாங்கிக்கொண்டாள்.

"பார்சலைவிட நீ நல்ல கனம்" என்றது பருந்து. "இனிமே இங்க அலைய வேண்டாம். நானே உன் வளைக்கு வந்து எடுத்துக்கறேன்."