பார்லிக்கு அடியில்

குடையின் நிழல் முன்னால் போகிறவளின் தலையை விட்டு நகரக் கூடாது. அவளுக்கு இப்போது அதுதான் வேலை.

முன்னால் போகிறவள் மிர்ரினே. அவள் தலையில் பலிக்கூடை.

கூடை சுமக்கிறவள் ஏதென்ஸின் மகள். பின்னால் குடை பிடிக்கிறவள் பிழைக்க வந்தவர்களின் மகள். அத்தேனாவின் திருவிழாவில் ஊர் தன் பெண்களை இப்படித்தான் பிரித்து நிறுத்தும்.

இன்று விடியும்வரை அவளும் ஏதென்ஸின் மகள்தான்.

இந்தக் கூடையைச் சுமப்பதற்காகத் தலையில் தண்ணீர்ப் பானையை வைத்து மாதக்கணக்கில் நடந்து பழகினாள். மிர்ரினே கேட்டாளே என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

காலையில் கோயில் முற்றத்தில் கூடையை நிரப்பியதும் அவள்தான். முதலில் பார்லி. பலிக்கத்தியைக் கடைசியில் அதற்குள் புதைக்க வேண்டும். மாட்டின் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

கத்தியைக் கையில் எடுத்தாள். அதிகாரி வந்து நின்றார்.

"உங்கம்மா நக்சோஸ் தீவுக்காரியாமே?"

அம்மா செத்து வருடங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் தீவு தெரிந்தவர்கள் இந்த ஊரில் அவளையும் சேர்த்து இரண்டே பேர்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மிர்ரினே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெகுநேரமாக.

அப்பா இந்த ஊரின் போர்க்கப்பலில் துடுப்புப் போட்டுச் செத்தவர். அதைச் சொன்னாள்.

"அப்பா மட்டும் போதாதும்மா. அம்மாவும் இந்த ஊராத்தான் இருக்கணும். சட்டம் அப்படி," என்றார் அதிகாரி. குரலில் கோபம்கூட இல்லை.

கூடை கைமாறியது. யாரோ குடையைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

மிர்ரினே மட்டும் காதோரம் வந்து சொன்னாள்.

"கோவிச்சுக்காதடி. சாமி காரியத்துல நான் எப்படிப் பொய் சொல்றது?"

ஊர்வலம் குன்று ஏறுகிறது. அத்தேனாவுக்குச் சாத்தப்போகும் புது ஆடை முன்னால் போகிறது. அதில் அவள் நெய்த ஓரமும் இருக்கிறது. அதை யாரும் பிரித்தெடுக்கவில்லை.

"ஏய் குடைக்காரி, இப்படிச் சாய்ச்சுப் பிடி. பொண்ணு கருத்துடப் போகுது."

நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட எதிர்வீட்டுக்காரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் சாய்த்துப் பிடித்தாள்.

காலையில் அவள் இடுப்புக் கச்சைக்குள் செருகியது ஒவ்வொரு படிக்கும் விலாவில் குத்தியது.

பலிபீடம்.

மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மிர்ரினே கூடையை இறக்கினாள். அழகாகத்தான் இறக்கினாள். கழுத்து கொஞ்சமும் அசையவில்லை.

பூசாரி பார்லிக்குள் கை விட்டார்.

துழாவினார்.

மணிக்கட்டு வரை விட்டுத் துழாவினார். பார்லி தரையில் சிந்தியது. பாட்டு நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"கத்தி எங்கம்மா?"

மிர்ரினேயும் கூடைக்குள் கை விட்டுப் பார்த்தாள். மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

அவள் குடையைத் தரையில் வைத்தாள். வெயில் மிர்ரினேயின் முகத்தில் விழுந்தது.

குடைக்காரியின் செருப்பு வார் தளர்ந்திருந்தது. குனிந்து அதைச் சரிசெய்யத் தொடங்கினாள்.