மெஹரின் பிரதி

மனைவி இறந்து மூன்று மாதமாகியும் எட்வின் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை. இணையத்தில் அவனோடு வீடியோ கேம் ஆடும் மெஹர், படிக்க நல்ல விண்வெளி நாவல் ஒன்று கேட்டாள். கப்பல் கேப்டன் மனைவியை இழக்கும் நாவலைச் சொன்னான். அதைப் படித்தால் தன் மனசு அவளுக்குப் புரியும் என்று நினைத்தான்.

மறுவாரம் ஹெட்செட்டில் மெஹர் சிரித்தாள். "செம ஜாலியா இருந்துச்சு! கடைசில கேப்டனும் பொண்டாட்டியும் பூமிக்கு வந்துடறாங்க."

"இல்ல மெஹர், அவ செத்துடறா."

"என் புக்குல சாகலையே. எனக்கு சோகம் ஆகாதுன்னு நான் படிக்கிற ஆப்புக்குத் தெரியும், முடிவ மாத்திடுச்சு போல."

தன் மின்பிரதியையே அனுப்பினான். அவள் தன் ஆப்பில் திறந்ததும் அதிலும் கேப்டனின் மனைவி பிழைத்துக்கொண்டாள். அவள் சாகும் பக்கத்தைத் தானே வாசித்துக் காட்டப் பார்த்தான். முதல் வரியைத் தாண்ட முடியாமல் பக்கத்தை மூடினான்.

"எட்வின், இருக்கியா?"

"இருக்கேன். ஆட்டத்த ஆரம்பி."