உருட்டி வந்த சீர்

முதுகெலும்பு முறிந்தவர்களைத் தானாகவே நடத்திச் செல்லும் நடையுடையை ஊர் மறுவாழ்வுக் குழு கொண்டுவந்து கொடுத்தும், மருதப்பன் அதைத் தொடவில்லை.

“எம் பொண்ணு காதுகுத்துக்குத் தாய்மாமன் சக்கர நாற்காலியிலயா சீர் கொண்டு வர்றது? இப்பல்லாம் யாரு அதுல வர்றா? பங்காளிங்க சிரிப்பாங்க, மச்சான்,” என்றார் தங்கையின் கணவர் சிங்காரம்.

“அந்த உடையப் போட்டா, அதுதான் சீர் கொண்டாந்ததா ஆகும், மாப்ள. நான் என் கையால உருட்டிட்டு வருவேன். சிரிக்கிறவன் எதிர்ல வந்து சிரிக்கட்டும்.”

சீர்த்தட்டை மடியில் வைத்து, அதே குழு பழக்கிவிட்ட கைகளால் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் கோயில் மேடு ஏறினார்.

தட்டை இறக்கிவிட்டு அவர் மடியில் குழந்தை யாழிசையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் திமிறினாள். மருதப்பன் அவள் தலையை அணைத்துப் பிடித்தார்.

“குத்துங்க ஆசாரி. இந்த மடி அசையாது.”