தண்ணீர் இல்லாத துடுப்பு

படகுக் கடையின் கண்ணாடி வழியே விழும் வெயிலில் துடுப்புகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தோளில் அறுவை சிகிச்சை முடிந்து, கணவருக்கு இன்றுதான் துடுப்பைத் தொட அனுமதி. அவர் கை நேராக, காட்டாற்றுச் சுழிப்பில் போடுகிற, அகன்ற தட்டுள்ள குட்டைத் துடுப்புக்கே போகிறது. ஒரே வீச்சு, முகம் சுருங்குகிறது. மனைவி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஏரியில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கான, தட்டு மெலிந்த நீளத் துடுப்பை நீட்டுகிறாள். “இதுவா? இது வாத்து பாக்கப் போறவங்க புடிக்கிறது.” “நானும் வாத்து பாத்து நாளாச்சு. உக்காருங்க.” இருவர் துடுப்புப் போடும் படகில் உட்காருவதுபோலவே, கடைத்தரையில் அவள் முன்னால் கால் நீட்டி உட்கார, அவர் முனகிக்கொண்டே பின்னால் உட்காருகிறார். துடுப்பு கனமே தெரியாமல், தோளுக்குக் கீழேயே தாழ்வாகப் போய் வருகிறது. வலிக்கவில்லை. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவாரா என்ன! கல்லாவில் இருக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அவர் வேகம் பிடிக்கிறார். துடுப்பு முன்னால் இருக்கும் மனைவியின் தோளருகே வந்துபோகும் ஒவ்வொரு தடவையும், இத்தனை வருஷம் அவர் பின்னாலிருந்து வாரியிறைத்த தண்ணீரை வாங்கிப் பழகிய அவள் கழுத்து, அந்தக் காய்ந்த தரையிலும் தானாகக் குறுகிக்கொள்கிறது.