பாரி வாங்கிய ஏணி

பாரியும் கூட்டாளி திலீபனும் பாண்டிச்சேரியில் பாய்மரப் படகு ஓட்டினார்கள். படகுக்கு ஏணி வாங்கும்போது பாரி ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தான். கடலில் விழுந்தவன் கீழிருந்தே கயிற்றை இழுத்தால், மடங்கிய ஏணி விரிந்து இறங்க வேண்டும்.

பாரி கடலில் மூழ்கி இறந்த பிறகு, திலீபன் அந்த ஏணியைப் பெட்டியோடு விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்து பாரியின் மனைவி ஜெயஸ்ரீயிடம் கொடுத்தான்.

"படகுல மாட்டவே இல்ல அண்ணி. மாட்டியிருந்தா அண்ணன் ஏறி வந்திருப்பாரு. பெட்டியகூட நான் பிரிக்கல."

அன்று படகில் கணவனோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். ஜெயஸ்ரீ நம்பினாள். அவனை உட்கார வைத்துச் சோறும் போட்டாள்.

தன் பீங்கான் பட்டறையில் பரணுக்கு ஏற அந்த ஏணியை மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் மடக்கி வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். சூளைக்குப் பக்கத்தில் எதுவும் ஈரமாக இருக்காது. ஆனால் கடைசிப் படி மட்டும் நனைந்திருக்கும். காய்ந்ததும் அதில் உப்புப் பூக்கும்.

நலம் விசாரிக்க வந்த திலீபனிடம் சொன்னாள். "மடக்கி வச்சா நிக்க மாட்டேங்குதுப்பா."

"இவ்ளோதானா அண்ணி?" அவன் ஏணியை மடக்கினான். பின்பக்கம் மறைந்திருந்த கொக்கியைப் பார்க்காமலே தள்ளிப் பூட்டினான். "இதப் போட்டுட்டா கீழேருந்து எவ்ளோ இழுத்தாலும் எறங்காது."

அப்படி ஒரு கொக்கி இருப்பதே ஜெயஸ்ரீக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அவன் கையையே பார்த்தாள்.

கீழே தொங்கிய கயிறு வெடுக்கென்று விறைத்தது. மறுபடியும் விறைத்தது. போகப் போக இழுப்பு தளர்ந்தது. அது நிற்கும்வரை திலீபன் கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.